வெள்ளிக் கரண்டியின் முத்திரை

கோயமுத்தூரிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் பெருவழியில் உள்ளது கிணத்துக்கடவு என்னும் ஊர். அங்கே வேலாயுதசுவாமி எழுந்தருளியுள்ள குன்றுக்குப் பொன்மலை என்பது பெயர். குன்றின் பெயர் பொன்னாயினும், அதனைச் சூழ்ந்த கொங்கு மண்ணில் பழங்கால வெள்ளி கிடைத்ததுண்டு. 1800-ஆம் ஆண்டில் பொள்ளாச்சியிலும், 1842-ஆம் ஆண்டில் வெள்ளலூரிலும் உரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. அகஸ்டஸ், திபேரியஸ் என்னும் பேரரசர்களின் உருவமும் பெயரும் அவற்றில் பொறிக்கப்பட்டிருந்தன. அப்பொறிப்பே அவற்றின் காலத்தை அறிஞர்க்கு உணர்த்திற்று.

காசுக்கு உரிய இவ்வியல்பு கரண்டிக்கும் உண்டு. விருந்தில் உணவு பரிமாறுதற்கென இங்கிலாந்தில் செய்யப்பெற்ற பழைய வெள்ளிக் கரண்டிகளையும் அகப்பைகளையும் தேடித் திரட்டுவோர் பல நாடுகளிலும் உளர். அன்னோர் ஒரு கரண்டியைக் கையில் எடுத்ததும் முதற்கண் காம்பின் பின்புறத்தையே நோக்குவர். முத்திரைகள் ஆங்கே இருத்தலின்.

தூய வெள்ளி மென்மையானது, எளிதில் வளைவது. ஆதலின் 925 பங்கு வெள்ளியுடன் 75 பங்கு செம்பு முதலிய உலோகத்தைக் கலப்பர். இக்கலவையே ஸ்டெர்லிங் வெள்ளி எனப்படும். மாற்றுக் குறைந்த வெள்ளியை விற்று மக்களை ஏமாற்றுவதைத் தடுக்க, 1300-ஆம் ஆண்டில் முதலாம் எட்வர்டு மன்னர் சட்டம் இயற்றினார். சோதித்துத் தேர்ந்த பொருளில் சிறுத்தைத் தலை பொறிக்கப்பட்டது. பின்னர் ஆண்டைக் குறிக்கும் எழுத்தும், நடக்கும் சிங்கமும் சேர்ந்தன. பழைய பொருள்களில் நங்கூரம் பர்மிங்காம் நகரையும், மணிமுடி ஷெபீல்டு நகரையும் குறிக்கும். ‘ஈ.பி.என்.எஸ்.’ என்னும் எழுத்துகள் இருப்பின், அது வேறோர் உலோகத்தின்மேல் வெள்ளி முலாம் பூசியதே என்று அறிக.

நம் நாட்டிலும் இத்தகைய கலை சிறந்திருந்தது. சென்னையில் தோன்றிய பி. ஓர் அண்டு சன்ஸ் என்னும் நிறுவனம், தெய்வ உருவங்களைப் புடைப்பாக அமைத்த வெள்ளிப் பொருள்களுக்குப் பெயர்பெற்றது. ‘சுவாமி வெள்ளி’ என வழங்கும் அவற்றைத் திரட்டுவோர் இன்றும் விரும்பித் தேடுகின்றனர்.

நம் இல்லங்களிலோ பன்னீர்ச்செம்பு, சந்தனப் பேலா, குங்குமச் சிமிழ், பாலாடை, நெய்க் கரண்டி எனப் பல உள. அவற்றிற் சிலவற்றில் கொடுத்தவர் பெயரும் திருமண நாளும் வெட்டப்பட்டிருக்கும். இவையே நம் குடும்பங்களின் முத்திரைகள். வெள்ளி விலை ஏறுந்தோறும் பழம்பொருளை எடைக்கு இட்டுப் புதியது வாங்குவோர் பலர். தராசு எடையை மட்டுமே அறியும். உருக்கும் உலையில் பாட்டியின் பெயரும் கொல்லனின் கைத்திறனும் ஒருசேர அழிந்துபோம். மிகுதியாகத் தேய்த்துத் துலக்குவதாலும் பொறிப்பு மறையும்; ஆதலின் மென்துணியால் துடைத்தலே நன்று.

எனவே, மாணவர்கள் தம் வீட்டுப் பழம்பொருள்களை ஒருமுறை திருப்பிப் பார்த்தல் வேண்டும். பொறித்துள்ள பெயரையும் ஆண்டையும் குறித்துக்கொண்டு, அவை வந்த வரலாற்றை முதியோரிடம் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். விலைகொடுத்து வாங்காமலே எவரும் தொடங்கத்தக்க திரட்டு இதுவாகும்.