40 லட்சத்துக்கு வீடு பார்க்கும் பாப்பாவுக்கு



நீயும் மாப்பிள்ளையும் முடிச்சூர் பக்கம் 40 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் பார்த்துவிட்டு வந்ததாக உன் அம்மா போனில் சொன்னாள். டைல்ஸ் பளபளக்கிறதாம், லிஃப்டில் ஆளுயரக் கண்ணாடியாம். கையில் ரொக்கம் எவ்வளவு என்று மட்டும் அவள் சொல்லவில்லை.

அங்கேதான் கணக்கு இடிக்கும். ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சத்தைத் தாண்டி 75 லட்சம் வரை போகும் வீட்டுக்கடனுக்கு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சம். ஆக வங்கி தருவது 32 லட்சம். மீதி 8 லட்சம் உங்களுடையது. பத்திரச் செலவு இதில் சேராது. 2023 டிசம்பரிலிருந்து, 50 லட்சம் வரையிலான புது ஃபிளாட்டை முதல்முறை விற்கும்போது முத்திரைத் தீர்வை 4, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 6 சதவீதம். அது 2 லட்சத்து 40 ஆயிரம். கைமாறி வரும் பழைய ஃபிளாட்டுக்கு 9 சதவீதம், 3 லட்சத்து 60 ஆயிரம். கட்டி முடிக்காத கட்டடமானால் ஜிஎஸ்டி வேறு. கடனுக்கு எட்டரை சதவீத வட்டி, இருபது வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 27,800 ரூபாய்.

செலவு கூடினாலும் பழைய கட்டடமே தேவலை. பத்துப் பன்னிரண்டு வீடுள்ள மூன்று மாடிக் கட்டடத்தில் யூடிஎஸ், அதாவது நிலத்தில் உன் பங்கு, பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். இத்தனை வருஷ மழையை அதன் சுவர் எப்படித் தாங்கியது என்பதும் கண்ணுக்குத் தெரியும். குளியலறைக் குழாயில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் போர்த் தண்ணீரின் லட்சணம் விளங்கிவிடும். புதுசுதான் வேண்டுமென்றால் டேப் எடுத்துப் போய் அளந்து பாருங்கள். 2016-ஆம் வருஷத்து ரெரா சட்டம் பேசுவது கார்ப்பெட் ஏரியாவை. புரோக்கர் சொல்லும் சதுர அடியில் மாடிப்படியும் லிஃப்டும் அடக்கம்.

இன்னொன்று. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் என்ன பாடுபட்டன என்பது உனக்குத் தெரியும். அப்போது நீ காலேஜில் இருந்தாய். உன் பெரியப்பா போன ஞாயிறு நீங்கள் பார்த்த ஃபிளாட் இருக்கும் தெருவுக்கே போய்விட்டு வந்தார். "இங்க தண்ணியே நிக்காது சார்" என்றாராம் புரோக்கர். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் ஒன்றும் பேசவில்லை. பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுத் தன் மார்பளவில் கையை வைத்துக் காட்டினாராம்.

வங்கி வக்கீல் பார்ப்பது வங்கியின் பணத்துக்கு. உங்களுக்கென்று ஒரு வக்கீலை வைத்து, தாய்ப்பத்திரத்தையும் முப்பது வருஷ வில்லங்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஃபீஸில் பேரம் பேசாதே.

அதுவரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். பத்திர நகல் கிடைத்ததும் எடுத்துக்கொண்டு வா, பெரியப்பா ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பார்.

அன்புடன்,
பெரியம்மா