கொலோன் நகரத்து வெளிர் பீர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ரைன் நதிக்கரையிலுள்ள கொலோன் மாநகரத்தின் பீராகிய கோல்ஷை முதன்முதலாகத் தம் வீட்டுச் சமையலறையில் தயாரித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், ஜெர்மனியிலும் சரி, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சரி, அநேகமாக ஒரே காரணத்தைத்தான் சொல்லுகிறார்கள். நிறம் வெளிர்மஞ்சள், ருசி மென்மை, சேர்மானமோ மால்ட், ஹாப்ஸ், ஜலம், ஈஸ்ட் என்ற நான்கே பதார்த்தங்கள், ஆகவே ஆரம்பப் பாடத்துக்கு இதைவிடச் சுலபமான பீர் இருக்க முடியாது என்பது அவர்களுடைய அனுமானம். இந்த பீரைப் பற்றி உலவும் மற்றத் தவறான நம்பிக்கைகளில் பலவற்றுக்கும் இந்த அனுமானமே மூலம் என்று நான் கருதுகிறேன். வறுத்த மால்ட்டின் கசப்பும் ஹாப்ஸின் உக்கிரமான வாசனையும் நிறைந்த ஒரு கருநிற பீரில் செய்முறைப் பிழைகள் அமிழ்ந்து போகும். கோல்ஷில் பிழைக்கு ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. காரக்குழம்பில் தெரியாமல் போகிற தீய்ந்த வாடை தெளிந்த ரசத்தில் முதல் கரண்டியிலேயே தெரிந்துவிடும் என்பதை அறிந்தவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

தெளிவாகவும் வெளிராகவும் குளிர்ச்சியாகவும் இருப்பதனால் கோல்ஷை லாகர் வகை என்று எண்ணுகிறவர்கள் ஏராளம். பீரின் ஜாதியை நிர்ணயிப்பது நிறமல்ல, ஈஸ்ட். லாகருக்குரிய ஈஸ்ட் சுமார் 8 முதல் 13 டிகிரி செல்சியஸ் குளிரில் வேலை செய்வது. கோல்ஷின் ஈஸ்டோ, ஏல் வகை பீர்களுக்கெல்லாம் உரிய ஈஸ்டின் வம்சத்தைச் சேர்ந்தது, 14 முதல் 18 டிகிரி வரையில் நிதானமாக நொதிக்கச் செய்வது. ஆனால் நொதித்து முடிந்தபின் லாகரைப் போலவே பல வாரங்கள் உறைநிலையை ஒட்டிய குளிரில் ஓய்வெடுப்பதனால், ஏலின் மெல்லிய கனி வாசனையும் லாகரின் தெளிவும் ஒருங்கே அதற்கு வாய்க்கின்றன. இந்த இரட்டைக் குணத்துக்குச் சரித்திர காரணம் உண்டு. பொஹீமியாவின் பில்சன் நகரத்தில் 1842-இல் பிறந்த வெளிர்நிற லாகர் ஐரோப்பா முழுவதையும் வசப்படுத்திக்கொண்டபோது, ஏல் ஈஸ்டால் நொதிக்கச் செய்யும் மேல்நொதிப்பு முறையைப் பரம்பரையாகக் கைக்கொண்டிருந்த கொலோன் நகரத்தார் அந்த முறையைக் கைவிடாமலேயே வெளிர்நிற பீர் ஒன்றைத் தயாரித்துப் போட்டிக்கு நின்றார்கள். அந்நகரத்துச் சூனர் ஆலை தன் பீருக்குக் கோல்ஷ் என்ற பெயரை இட்டது 1918-இல்தான். ஆகவே, இது இடைக்காலத்திலிருந்து மாறாமல் வருகிற புராதன பானம் என்ற நம்பிக்கையும் சரியன்று. கொலோனில் பீர்த் தொழில் மிகப் பழையது, இந்த பீர் இன்றைய வடிவில் புதியது.

ஜெர்மானிய பீர் என்றாலே 1516-ஆம் ஆண்டின் தூய்மைச் சட்டத்தை உச்சரிப்பது ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. அந்தச் சட்டம் பவேரியாவில் பிறந்தது. கொலோன் பவேரியாவைச் சேர்ந்ததன்று. ஜெர்மானிய சாம்ராஜ்யம் முழுவதற்கும் அது விரிந்தது 1906-இல். கோல்ஷை உண்மையில் வரையறுப்பது, கொலோனையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த 24 ஆலைகள் 1986-இல் கையெழுத்திட்ட கோல்ஷ் உடன்படிக்கையே. வெளிர்நிறம், சர்க்கரை நன்றாக நொதித்துத் தீர்ந்த வறண்ட ருசி, ஹாப்ஸின் தெளிவான சுவடு, வடிகட்டிய தெளிவு, மேல்நொதிப்பு ஆகிய லட்சணங்களை அது வகுத்திருக்கிறது. 1997-இல் ஐரோப்பிய யூனியனின் புவிசார் பாதுகாப்பும் கிடைத்ததனால், யூனியனின் எல்லைக்குள் பிற ஊரார் இந்தப் பெயரில் பீர் விற்க முடியாது. தம் வீட்டுக்காகச் செய்கிறவர்களுக்கு இதனால் தடையில்லை.

கோல்ஷ் எப்படிப் பருகப்படுகிறது என்பதைப் பார்த்தால் அதன் இயல்பு விளங்கும். கொலோன் நகரத்து ஆலைக் கூடங்களில் நீலச் சட்டையும் நீல ஏப்ரனும் அணிந்த கோபெஸ் எனப்படும் பரிசாரகர்கள், நடுவில் கைப்பிடி வைத்த வட்டத் தட்டில் ஒல்லியான 200 மில்லிலிட்டர் கண்ணாடிக் குவளைகளை வரிசையாகச் செருகிக்கொண்டு வருகிறார்கள். குவளை காலியானதும் கேளாமலே அடுத்தது வரும். குவளையின் கீழுள்ள அட்டையில் பென்ஸில் கோடு ஒன்று கூடும். போதும் என்பவர் அந்த அட்டையை எடுத்துக் குவளையின் வாயை மூடிவைப்பார். நுரை அடங்குமுன், குளிர் தணியுமுன், புதிதாகக் குடிக்கவேண்டிய பீர் அது என்பதனால்தான் குவளை அவ்வளவு சிறியது. நிறம் வெளிர் என்பதனால் போதையும் குறைவு என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். கோல்ஷில் ஆல்கஹால் ஏறக்குறைய 4.8 சதவீதம், பார்வைக்குக் கன்னங்கரேலென்று இருக்கும் அயர்லாந்தின் கின்னஸ் டிராஃப்ட் சுமார் 4.2 சதவீதமே. கருமை வறுத்த தானியத்தின் காரியம். போதை சர்க்கரையின் காரியம்.

வீட்டில் தயாரிக்கும் மது விஷமாகிக் கண்ணைக் கெடுக்கும் என்ற அச்சம் தமிழ் வாசகர்களிடம் ஆழமாக வேரூன்றியிருப்பதில் வியப்பில்லை. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் அருந்தி 60-க்கும் மேற்பட்டோர் மாண்ட துயரத்தை நாம் மறக்கக் கூடாது. அந்த மரணங்களுக்குக் காரணம் மெத்தனால் என்ற விஷப்பொருள். வாற்கோதுமை மால்ட்டை நொதிக்க வைப்பதில் மெத்தனால் அபாயம் தரும் அளவில் உண்டாவதில்லை. பீரை நாம் காய்ச்சி வடிப்பதுமில்லை. மேலும், ஆல்கஹாலும் புளிப்பும் ஹாப்ஸின் கசப்பும் சேர்ந்த அந்தச் சூழலில் நோய்க்கிருமிகள் பிழைப்பது அரிது. கெட்டுப்போன பீர் குடிக்க லாயக்கற்றதாக இருக்குமே தவிர உயிரை வாங்காது. வீட்டில் செய்தது, ரசாயனம் கலவாதது, ஆகையால் உடம்புக்கு நல்லது என்ற எதிர்க்கோடி நம்பிக்கைக்கும் ஆதாரமில்லை. ஆல்கஹாலுக்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்று கிடையாது என உலக சுகாதார ஸ்தாபனம் 2023-இல் தெளிவாக அறிவித்திருக்கிறது. வீட்டுப் பீர் இதற்கு விதிவிலக்கன்று.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜெர்மனியில் வீட்டு உபயோகத்துக்காக ஆண்டுக்கு 500 லிட்டர் வரையில் வரியின்றித் தயாரிக்க 2024 முதல் அனுமதி உண்டு. அமெரிக்காவில் 1978-இலும் பிரிட்டனில் 1963-இலும் தடைகள் நீங்கின. தமிழ்நாட்டிலோ, 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டத்தின்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். ஆகவே இனிச் சொல்லும் விவரங்கள், சட்டம் இடங்கொடுக்கும் நாடுகளில் வசிப்போருக்கே பிரயோஜனப்படும்.

20 லிட்டர் பீருக்குச் சுமார் நாலரைக் கிலோ பில்சன் மால்ட்டும், ஹாலர்டாவ் அல்லது டெட்னாங் போன்ற ஜெர்மானிய ஹாப்ஸ் 50 கிராம் அளவிலும் போதும். மால்ட்டை 65 டிகிரியை ஒட்டிய வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, சாற்றை வடித்துக் கொதிக்கவிட வேண்டும். இங்கேதான் எரிபொருளை மிச்சப்படுத்தும் நல்லெண்ணத்தோடு பாத்திரத்தை மூடிவைக்கிற பழக்கம் குறுக்கிடுகிறது. குறைந்த வெப்பத்தில் உலர்த்திய பில்சன் மால்ட்டில், கொதிக்கும்போது கந்தகம் கலந்த ஒரு வாயுவாக மாறுகிற பொருள் அதிகம். மூடி இல்லாவிட்டால் அது ஆவியோடு வெளியேறும். மூடி இருந்தால் அதன் அடிப்புறத்தில் துளிகளாகச் சேர்ந்து மீண்டும் சாற்றிலேயே சொட்டும். முடிவில் பீர் முழுவதும் வெந்த மக்காச்சோளத்தின் வாடை வீசும். முக்கால் மணி நேரத்துக்குமேல் காத்திருக்கப் பொறுமையற்றவர்களும் இதே பலனை அடைவார்கள். 90 நிமிஷம் திறந்து கொதிக்கவிடுவது உத்தமம். கொதித்ததனால் எல்லாம் சுத்தமாகிவிட்டது என்று நம்பி, அதற்குப்பின் தொடுகிற குழாயையும் கரண்டியையும் நொதிகலத்தையும் கழுவியதோடு நிறுத்திவிடுவது மற்றொரு விபரீதம். கழுவுவது அழுக்கைப் போக்கும். கிருமியைப் போக்குவதற்குத் தனி மருந்துநீர் வேண்டும். கொதிக்கும் சாற்றுக்குக் காவல் தேவையில்லை; ஆறிய சாற்றுக்குத்தான் காவல் தேவை.

இனி, முதல் முயற்சிகளைக் கெடுக்கிற நம்பிக்கைகளில் பிரதானமானதற்கு வருகிறேன். அறையில் தொங்கும் உஷ்ணமானி 18 டிகிரி காட்டினால் போதும், பீரும் 18 டிகிரியில் நொதிக்கிறது என்று ஆரம்பக்காரர் திருப்தி அடைகிறார். நொதித்தல் என்பதே வெப்பத்தை உண்டாக்கும் கிரியை. வேகமாக நொதிக்கும் முதல் இரண்டு மூன்று நாட்களில் கலத்தின் உட்புறம் அறையைவிட மூன்று முதல் ஐந்து டிகிரி வரை ஏறிவிடுவது சகஜம்; அறை 18 என்றால் பீர் 22-ஐத் தாண்டியிருக்கக்கூடும். அந்த உஷ்ணத்தில் ஈஸ்ட் வாழைப்பழ வாசனையையும், இன்னும் ஏறினால் தொண்டையைச் சுடுகிற கனத்த ஆல்கஹால்களையும் உண்டாக்கும். பிற்பாடு எத்தனை வாரம் குளிரில் வைத்தாலும் அவை அகலமாட்டா. ஆகையால் அறையை விட்டுக் கலத்தின் வெளிப்புறத்திலேயே உஷ்ணமானியை ஒட்டிவைத்துப் பார்க்க வேண்டும். சாற்றை 15 டிகிரிக்கு ஆறவைத்த பிறகே ஈஸ்டைச் சேர்க்க வேண்டும். வெதுவெதுப்பில் சேர்த்துவிட்டுப் பின்னர் ஆறவைக்கலாம் என்பது ஆபத்தான சமாதானம். குளிரில் ஈஸ்ட் மந்தமாக இயங்குமாதலால் வழக்கமான ஒரு பொட்டலத்துக்குப் பதிலாக இரண்டு சேர்ப்பது நல்லது. தனிக் குளிர்பதனப் பெட்டி இல்லாதவர்கள், கலத்தை அகன்ற தொட்டி ஜலத்தில் இறக்கி, ஈரத் துணியைப் போர்த்தி, காலையும் மாலையும் பனிக்கட்டி நிரப்பிய சீசாக்களை மாற்றி மாற்றி அந்த ஜலத்தில் போட்டுவருவதன் மூலம் சில டிகிரிகளைக் குறைத்துக்கொள்ளலாம்.

நொதித்தல் முடிந்ததா என்பதைக் கலத்தின் மூடியிலுள்ள காற்றடைப்பானில் குமிழி நின்றதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் வாயு வேறு வழியில் போய்விடும், குமிழியே வராது. நொதித்து முடிந்த பீரும் சற்றுச் சூடேறினால் கரைந்திருந்த வாயுவை விட்டுக் குமிழி காட்டும். மெய்யான சாட்சி, திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் ஒன்றே. ஒல்லியான ஜாடியில் சிறிது பீரை ஊற்றி அதை மிதக்கவிட்டால், ஆரம்பத்தில் 1.048 காட்டியது நாளடைவில் இறங்கி 1.010-ஐ ஒட்டி வந்து நிற்கும். அந்த எண் மூன்று நாட்கள் மாறாமல் இருந்தால் காரியம் முடிந்தது. இந்த இரண்டு எண்களிலிருந்து ஆல்கஹால் 5 சதவீதம் என்று கணக்கிட்டுக்கொள்ளவும் முடியும். ஒரு வாரத்தில் பீரை வேறு கலத்துக்கு மாற்றாவிட்டால் அடியில் படிந்த ஈஸ்ட் அழுகிவிடும் என்ற பயம் வேண்டாம். சில வாரங்களுக்குள் அப்படி ஒன்றும் நேராது, மாற்றும்போது உட்புகும் காற்றுதான் கெடுதல்.

சீசாவில் நுரை நன்றாக வர வேண்டுமென்று சர்க்கரையைக் கைக்கு வந்தபடி போடுகிறவர்களுக்கு என் கண்டிப்பான எச்சரிக்கை: லிட்டருக்கு ஆறு கிராம், அதாவது 20 லிட்டருக்கு 120 கிராம், நிறுத்துப் போடுங்கள். அதிகமானாலும், நொதித்து முடியாத பீரை அடைத்தாலும் சீசா வெடிக்கும். வீட்டு பீரில் உயிருக்கு ஆபத்து என்று ஒன்று இருந்தால் அது இந்தக் கண்ணாடிச் சில்லுகளிலும், 20 லிட்டருக்குமேல் கொதிக்கும் சாற்றைத் தூக்கி ஊற்றும் அவசரத்திலும்தான் இருக்கிறது.

மீதமிருப்பது குளிர். சீசாவில் நுரை பிடித்ததும் கோல்ஷ் தயாராகிவிட்டது என்று எண்ணி உடனே திறந்து பார்த்து, கலங்கலும் ஈஸ்ட் வாடையும் கண்டு மனம் சோர்ந்து போகிறவர்கள் பலர். கோல்ஷின் ஈஸ்ட் லேசில் அடியில் படியாத சுபாவமுடையது; மால்ட்டின் புரதமும் ஹாப்ஸின் துவர்ப்புப் பொருளும் குளிரில் கைகோத்துக் கலங்கலாகித் தாமே கீழிறங்குவதற்கும் காலம் பிடிக்கும். நான்கு டிகிரிக்குக் கீழே மூன்று அல்லது நான்கு வாரங்கள் அசையாமல் இருந்தால்தான் அந்தத் தெளிவும் வறண்ட முடிவும் வரும். சீசாவில் அடைக்குமுன் கலத்திலேயே குளிரவைத்தால், அவ்வளவு நாள் குளிரில் ஈஸ்ட் செத்துவிடும், அதன்பின் சீசாவில் நுரை வராது என்று சிலர் குளிர்வைப்பையே தவிர்க்கிறார்கள். தெளிந்த பீரிலும் கண்ணுக்குப் புலப்படாத ஈஸ்ட் போதிய அளவு மிதந்துகொண்டுதான் இருக்கும்; அடைத்தபின் 20 டிகிரி வெதுவெதுப்பில் இரண்டு மூன்று வாரம் வைத்தால் நுரை கட்டாயம் வரும்.

ஆகவே முதல் முயற்சிக்குக் கோல்ஷைத் தேர்ந்துகொள்ளலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் அபிப்பிராயம் இதுதான்: நொதிக்கும் பத்து நாட்களுக்கு 16 டிகிரியையும், அதன்பின் ஒரு மாதத்துக்கு 4 டிகிரிக்குக் குறைந்த குளிரையும் உங்களால் காப்பாற்ற முடியுமானால் தாராளமாகத் தொடங்குங்கள். முடியாதென்றால், 20 டிகிரியிலும் நன்றாக வருகிற, கருமையும் கசப்பும் கொண்ட ஆங்கில ஏல் ஒன்றைச் செய்து கைப்பழகிக்கொண்டு, பனிக்காலம் வந்தபின் கோல்ஷுக்குத் திரும்புங்கள்.