மென்மர விறகைப் பிளக்கும் முறை

அண்மையில் ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். சாயச்சாலையின் விறகுச் செலவு மிகுந்திருப்பதைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கையில், தொழிலாளி ஒருவர் காலில் கட்டுடன் வந்தார். மாங்கட்டையின் கணுவில் பட்ட கோடரி விலகிக் காலில் பாய்ந்துவிட்டதாம். பத்து நாட்களாக அவருக்குக் கூலியில்லை. அங்கத்தினர் கோடரியைக் குறை கூறினர். ஆனால், குறை பிளக்கும் முறையிலேயே இருந்தது.

மென்மரம் எளிதில் பிளந்துவிடும் என்று எண்ணுதல் தவறு. இலவு, முருங்கை முதலியவற்றின் கட்டை அடியின் வேகத்தை உள்வாங்கிக்கொள்ளும். கோடரி பிளக்காமல் புதைந்து நிற்கும். மாவிலோ கணுக்களைச் சுற்றி நார் வளைந்து செல்லும். ஆகவே பின்வருவனவற்றைக் கைக்கொள்ள வேண்டும்.

முதலாவது, கட்டையை ஓரடி நீளமுள்ள துண்டுகளாகக் கணுவை ஒதுக்கி அறுத்துக்கொள்க. அவற்றை உறுதியான அடிக்கட்டைமீது நிறுத்துக. இரண்டாவது, நடுவில் அடியாமல், ஓரத்திலிருந்து பட்டை பட்டையாகச் சுற்றிலும் பிளந்து வருக. முகப்பில் இயற்கையான வெடிப்பு இருப்பின் அதன் வழியே அடித்தல் நலம். மூன்றாவது, கோடரி சிக்கினால் அதனை ஆட்டி இழுக்காமல், வெடிப்பில் இரும்பு ஆப்பை வைத்துச் சம்மட்டியால் அடிக்க வேண்டும். கோடரியின் பின்புறத்தைச் சம்மட்டியாக உபயோகிக்கலாகாது. ஆப்பை அசைத்த குரங்கின் கதையை நாம் அறிவோம். பிளவுக்குள் விரலை நுழைத்தல் கூடாது. பிளக்க மறுக்கும் கணுத்துண்டுகளைப் பெரிய அடுப்புக்கென ஒதுக்கிவிடுக.

பிளந்த விறகு பட்டை மூடிய கட்டையைவிட விரைவில் உலரும். இதில் சங்கத்தின் பணமும் அடங்கியுள்ளது. பாதி எடை நீராகவுள்ள 1,000 கிலோ பச்சை விறகில் மரம் 500 கிலோவே. நீர் 20 சதவிகிதமாகக் குறையும்வரை உலர்த்தினால் எடை 625 கிலோவாகும். எஞ்சிய 375 கிலோ நீருக்கும் நாம் விலை கொடுத்திருக்கிறோம். அந்நீரை அடுப்பிலேயே ஆவியாக்கினால், ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 600 கிலோகலோரி வெப்பம் வீணாகும்.

எனவே விறகைத் தரையில் படாமல் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மேற்புறம் மட்டும் மூடி, காற்றோட்டம் விடுக. ஒரு துண்டை வாரந்தோறும் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றபின் எரிக்கலாம்.

இரண்டு ஆப்பும் ஒரு சம்மட்டியும் வாங்குவதை நிர்வாகக் குழுவினர் வீண்செலவெனக் கருத வேண்டா. அந்தத் தொழிலாளி இழந்த பத்து நாள் கூலியையும் கணக்கிற் சேர்த்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.