உப்புக் காற்றில் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்
(மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல் பிரிவு)



இரும்புக்கு எமன் எது என்று கேட்டால், நம் ஊரில் மூன்றாம் வகுப்புப் பையன்கூட யோசிக்காமல் பதில் சொல்லி விடுவான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம். புது ஜன்னல் கம்பிகூட இரண்டு மழைக்காலம் தாங்குவதில்லை. அப்படிப்பட்ட ஊரில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு காரை, ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போகாமல் வீட்டுக் கொல்லையிலேயே வைத்துக் காப்பாற்ற முடியுமா? முடியும் என்றுதான் சொல்வேன். ஆனால் அது என்ன கார் என்பதைப் பொறுத்தது.

நாங்கள் நான்கு பேர் கை வைத்திருப்பது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. எங்கள் தெரு ஆச்சி ஒருவரின் வீட்டுக் கொல்லையில், வேப்பமரத்தடியில் பல வருஷமாக நிற்கிறது. தாத்தா போன பிறகு யாரும் தொடவில்லை. பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்குக் கேட்டு வந்துவிட்டார். தை மாதம் முடிவதற்குள் வண்டி ஒரு உருவத்துக்கு வந்தால் வைத்துக்கொள்வேன், இல்லையென்றால் கொடுத்துவிடுவேன் என்று ஆச்சி சொல்லிவிட்டார்கள்.

இந்தக் காரின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் டிரயம்ப் ஹெரால்டு என்ற பெயரில் 1959-ல் வெளிவந்தது. உருவம் கொடுத்தவர் ஜியோவானி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1961 முதல் இதைச் செய்தது. அந்தக் காலத்தில் மற்ற கார்க் கம்பெனிகள் சேசிஸ் இல்லாத ஒரே கூடாக பாடியைச் செய்யப் போய்விட்டன. ஹெரால்டுக்கு மட்டும் அந்த வசதி வாய்க்கவில்லை. முழு பாடியை அடித்துக் கொடுக்கக்கூடிய ஆலைகள் போட்டிக் கம்பெனிகளின் கைக்குப் போயிருந்தன. ஆகவே லாரி மாதிரி தனியாக ஒரு சேசிஸ் செய்து, அதன்மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டினார்கள். அன்றைக்குக் குறை என்று பேசப்பட்ட அந்த அமைப்புதான் இன்றைக்கு நமக்கு வரப்பிரசாதம்!

ஏன் என்று கேட்பீர்கள். 2014-ல் தயாரிப்பு நின்ற அம்பாசடரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதிதான் வண்டியின் பாரத்தைத் தாங்குகிறது. துரு தின்றுவிட்டதே என்று முட்டுக் கொடுக்காமல் அதை அறுத்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும், அப்புறம் கதவு மூடாது. ஹெரால்டில் சில் என்பது போல்ட்டில் தொங்கும் வெறும் தகடு. ஸ்பானர் இருந்தால் கழற்றிவிடலாம். பானெட்டோ முன் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். பாடியைத் தனியாகக் கழற்றினால் ஏழெட்டுப் பேர் சேர்ந்து தூக்கி இறக்கி விடலாம். கிரேன் தேவையில்லை, தெருப் பையன்கள் போதும்.

முதல் வேலை துருவைத் தேடுவது. சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல தகடு 'டங்' என்கும், அரித்த தகடு 'டொப்' என்கும். பெயின்ட்டுக்கு அடியில் பட்டி போட்டு மறைத்திருந்தால் காந்தம் ஒட்டாது. ஹெரால்டில் முக்கியமாகப் பார்க்க வேண்டியவை, சேசிஸிலிருந்து பக்கவாட்டில் கை நீட்டுவது போல வரும் அவுட்ரிக்கர்கள், கால் வைக்கும் தரை, டிக்கியின் தரை. எங்கள் வண்டியில் இடது பக்க அவுட்ரிக்கர் விரலால் குத்தினாலே உதிர்ந்தது.

டிக்கி என்றதும் ஒரு எச்சரிக்கை. இந்தக் காரில் பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள்தான் இருக்கிறது. டேங்கைக் கழற்றி வெளியே கொண்டுபோகாமல் அங்கே வெல்டிங் தீயைக் காட்டாதீர்கள். காலி டேங்குதானே என்பார்கள். பெட்ரோல் நிறைந்த டேங்கைவிட ஆவி நிறைந்த காலி டேங்குதான் அதிக ஆபத்து. பேட்டரி வயரையும் முதலிலேயே பிரித்துவிட வேண்டும்.

இனி துருவின் சங்கதி. இரும்பு, ஈரம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பு அதில் நேரடியாகச் சேர்வதில்லை, ஆனால் ஈரத்தை மின்சாரம் கடத்தும் கரைசலாக்கி வேலையைப் பல மடங்கு வேகமாக்குகிறது. அதோடு குளோரைடு, குழிகளுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். மேலே எவ்வளவு உயர்ந்த பெயின்ட் அடித்தாலும் சில மாதத்தில் கொப்புளம் கிளம்பும்.

இதைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே எனக்குச் சொன்னவர் என் அப்பா. உப்பள வேலை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான் முதல். கொல்லையில் என்னைக் கண்டதும், "ஏல, இந்தத் தகரத்தச் சொரண்டவா உன்னக் காலேஜுக்கு அனுப்பினேன்?" என்றார். அப்புறம் குனிந்து சேசிஸைத் தடவிப் பார்த்துவிட்டு, "மம்பட்டிய நல்ல தண்ணில கழுவாம எண்ணெயத் தடவினா, எண்ணெய்க்கு அடியிலயே திங்கும்ல. மொதல்ல கழுவுங்க" என்றார். அரிமானப் பாடத்தில் இதற்கு மேல் ஒன்றுமில்லை என்றே எனக்குத் தோன்றியது.

ஆகவே கழுவினோம். கழுவியது போதுமா என்று எப்படித் தெரியும்? முதலாண்டு கெமிஸ்ட்ரி லேபை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தகட்டின் மேல் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த பஞ்சால் துடைத்து, அந்தப் பஞ்சைப் பிழிந்த நீரில் ஒரு சொட்டு நீர்த்த நைட்ரிக் அமிலம், பிறகு ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட். வெள்ளையாகக் கலங்கினால் உப்பு இன்னும் இருக்கிறது, திரும்பவும் கழுவு! குழாய்த் தண்ணீரில் சோதிக்கக் கூடாது, அதிலேயே குளோரைடு இருப்பதால் எப்போதும் கலங்கும்.

சின்னப் பாகங்களுக்கு மின்பகுப்பு முறை அருமையானது. பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், நாலைந்து லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா. துருப்பிடித்த பாகத்தை பேட்டரி சார்ஜரின் நெகடிவில் கட்டு, ஒரு பழைய கம்பியை பாசிடிவில் கட்டு. இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. மறுநாள் துரு கறுப்புச் சேறாக வழிந்துவிடும், நல்ல இரும்பு அப்படியே நிற்கும். ஹைட்ரஜன் வெளிவருவதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். பாசிடிவில் எவர்சில்வரைக் கட்டினால் விஷமான குரோமியம் நீரில் இறங்கும். அலுமினியப் பாகங்களை இதில் போடவே கூடாது. ஸ்பிரிங்கையும் போடாதீர்கள், ஹைட்ரஜன் புகுந்து நொறுங்கும் தன்மை வந்துவிடும். வேடிக்கை என்னவென்றால் சோடா செய்வதற்கும் மூலப்பொருள் உப்புதான். நம் ஊரிலேயே அதற்கு ஆலை வந்தது. கெடுத்ததும் உப்பு, எடுப்பதும் உப்பு!

அவுட்ரிக்கருக்கு 16 கேஜ் தகட்டை அட்டையில் அளவெடுத்து வெட்டினோம். வெல்டிங் மட்டும் தெரிந்த டிங்கர் அண்ணாச்சி ஒருவர் வந்து போட்டார். உயிரைத் தாங்கும் இடத்தில் நாம் கைபழகக் கூடாது என்பது என் அபிப்பிராயம். ஒரே இழுப்பில் ஓட்டாமல் அங்கங்கே டாக் வைத்து, ஆறவிட்டு ஓட்டினார். இல்லையென்றால் சூட்டில் தகடு முறுக்கிக்கொள்ளும். பிறகு ரெட் ஆக்ஸைடு, அதன் மேல் பெயின்ட். சில், கதவு இவற்றின் அடியில் உள்ள தண்ணீர் வடியும் ஓட்டைகளைக் குத்தித் திறந்துவிட மறக்காதீர்கள். இந்த வண்டியைத் தின்றதில் பாதி, அடைத்துக்கொண்ட அந்த ஓட்டைகளின் வேலை.

எஞ்சின் 948 சிசி. பிஸ்டன் இறுகியிருந்தது. பிளக்கைக் கழற்றி டீசலும் எண்ணெயும் ஊற்றி ஒரு வாரம் விட்டதில் கையால் சுற்றியதும் அசைந்தது. அது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.

உதிரி பாகம்? இங்கிலாந்தில் இதன் இனத்து வண்டிகளுக்கு இன்றும் பாகம் செய்கிறார்கள், சென்னை புதுப்பேட்டையிலும் தேடலாம். ஆனால் நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே விற்பனைக்கு வந்தது. எங்களுடையது அந்த ரகம். ஆகையால் பின் கதவு எவ்வளவு மட்கியிருந்தாலும் எறியாமல் ஒட்டுப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

கடைசியாகக் காகித விவகாரம். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய கார்களைப் பழம்பெரும் வண்டியாகப் பதியலாம், நம்பரில் 'விஏ' என்ற எழுத்து வரும், கட்டணம் 20,000 ரூபாய். சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அதனால்தான் வேறு எஞ்சின் போடலாம் என்ற யோசனையை நாங்கள் கைவிட்டோம். அதற்கு முன்னால் வண்டி ஆச்சியின் பெயருக்கு மாற வேண்டும். உரிமையாளர் இறந்தால் வாரிசு கொடுக்க வேண்டியது படிவம் 31. டிரங்குப் பெட்டியில் தேடியதில் ஆர்.சி. புத்தகம் கிடைத்துவிட்டது. ஓரங்களைச் செல் அரித்திருக்கிறது, தாத்தாவின் பெயரும் சேசிஸ் நம்பரும் தெளிவாக இருக்கின்றன. வலது பக்க சில்லும் டிக்கித் தரையும் பாக்கி. தைக்கு இன்னும் ஏழு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது.