தலைமுடியைப் பேணுவோம்

பொழுது புலர இன்னும் நேரமிருக்கும். அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். பெரட்டுக்குப் போக வேண்டிய தாய், பள்ளிக்குப் போக வேண்டிய மகளைத் தம் முன்னால் உட்கார வைத்து, சீப்பை உச்சியில் பதித்து ஒரே இழுப்பாக இழுப்பார். சிக்கில் மாட்டிய சீப்பு பாதியில் நிற்கும். பிள்ளையின் கண் கலங்கும். “அசையாமல் இரு” என்று ஓர் அதட்டல் விழும். பிறகு இரட்டைச் சடை, நெற்றித் தோல் இழுபடும் அளவுக்கு இறுக்கமாக. தோட்டப்புறத்தில் வளர்ந்த பெண்களுள் இக்காட்சியை அறியாதார் மிகச் சிலரே. அன்பினால் செய்யப்படும் இக்காரியத்தில் நம்மை அறியாமலே நேரும் பிழைகள் சில உள்ளன. அவற்றையும், வேலைக்குச் செல்லும் நம் மகளிர் கூந்தலைப் பேண வேண்டிய முறையையும் இம்மாதம் சற்று ஆராய்வோம்.

முதலில் ஓர் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். தலைக்கு வெளியே நாம் காணும் முடிக்கு உயிர் இல்லை. நகத்தைப் போலவே அதுவும் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. உயிர் இருப்பது தோலுக்குள் புதைந்துள்ள வேரில்தான். மனிதர் தலையில் ஏறத்தாழ 1 லட்சம் முடிகள் உண்டு. முடி மாதத்திற்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும். ஒவ்வொரு முடியும் 2 முதல் 6 ஆண்டுகள் வளர்ந்து, பின்னர் இரண்டு மூன்று மாதங்கள் ஓய்வு பெற்று உதிரும். அதே வேரிலிருந்து புதிய முடி கிளம்பும். ஆகவே நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் வரை உதிர்வது இயல்பே. சீப்பில் சுற்றிக்கொண்டு வரும் சிறு சுருளைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை.

இக்கணக்கின்படி பார்த்தால், இடுப்புவரை தொங்கும் கூந்தலின் நுனி ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் தலையில் முளைத்ததாகும். ஐந்தாறு தீபாவளிகளின் எண்ணெய்க் குளியலையும், அத்தனை ஆண்டு வெயிலையும் மழையையும் கண்ட நுனி அது. பழைய பட்டுப் புடவையை எப்படிக் கையாள்வோமோ அப்படி அதனைக் கையாள வேண்டும். சிக்கெடுக்கும்போது நுனியில் தொடங்கிச் சிறிது சிறிதாக மேலேறி வரவேண்டும். இடையிலே ஒரு கையால் முடியைப் பிடித்துக்கொண்டால் இழுப்பு வேருக்கு எட்டாது. பிள்ளையும் அழாது.

கூந்தல் எல்லார்க்கும் ஒரே வகையாக இருப்பதில்லை. ஒரே வீட்டில் பிறந்த அக்காளுக்குச் சுருள் முடியும் தங்கைக்கு நேர்முடியும் இருப்பதைக் காண்கிறோம். இருவருக்கும் ஒரே புட்டியிலிருந்து ஒரே அளவு எண்ணெய் வைத்துவிட்டு, ஒருத்திக்கு மட்டும் முடி ஏன் வறண்டு நிற்கிறது என்று தாய் வியப்பதுண்டு. காரணம் எளிது. தலைத்தோல் தானாகவே ஒருவகை எண்ணெயைச் சுரக்கிறது. நேர்முடியில் அது தடையின்றி வழிந்து நுனிவரை செல்லும். சுருள் முடியில் அது வளைவுகளைக் கடந்து இறங்க இயலாது. எனவே உச்சி பிசுபிசுக்க, நுனி வறண்டு கிடக்கும். நேரான, மெல்லிய முடியுடையோர் இரண்டு நாளுக்கொருமுறை தலைக்குக் குளிப்பதும், எண்ணெயைக் குறைத்துக்கொள்வதும் நலம். சுருள் முடியுடையோர்க்கு வாரம் இருமுறை தலைக்குளியல் போதும். எண்ணெயை உச்சியைவிட நுனியில்தான் தடவ வேண்டும். நேர்முடி ஈரமாயிருக்கையில் எளிதில் அறுந்துபோகும் ஆதலால், பெரும்பாலும் உலர்ந்தபின் வாருவது நன்று. சுருள் முடியோ இதற்கு மாறானது. உலர்ந்த நிலையில் சீப்பிட்டால் பரட்டையாகிவிடும். சற்று ஈரமும் சிறிது எண்ணெயும் இருக்கும்போதே அகன்ற பல் சீப்பால் வாரிவிட வேண்டும்.

எண்ணெயைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். “பத்தே நாளில் கருகருவெனக் கூந்தல்” என்று விளம்பரம் செய்யும் புட்டிகளுக்காக, வியர்வை சிந்தி ஈட்டிய பணத்தைச் செலவிடுவோர் நம்மிடையே பலர். உயிரற்ற முடியின்மேல் பூசப்படும் எந்த எண்ணெயும் அதனை வளரச் செய்யாது. ஆனால் நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் வேறொரு நன்மையைச் செய்கிறது. 2003-ஆம் ஆண்டில் இந்திய ஆய்வாளர் இருவர் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், தேங்காய் எண்ணெய் மட்டுமே முடியிலிருந்து புரதம் இழக்கப்படுவதைக் குறைத்ததாகக் கண்டனர். அது முடியின் உட்புறம்வரை ஊடுருவக்கூடியது. ஆகவே தலைக்குக் குளிப்பதற்கு ஒருமணி நேரம் முன்னர் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வதில் பொருளுண்டு. வேலைக்குப் புறப்படும்போது எண்ணெய் வழிய வாரிக்கொண்டு, அதன்மேல் துண்டைக் கட்டுவதில்தான் கேடு. எண்ணெயும் வியர்வையும் தூசியும் ஒன்றுகலந்து தலைத்தோலில் படிந்துவிடும்.

தலையை அலசச் சீயக்காயும் அரப்பும் இன்றும் நல்லவையே. தூள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 1960-இல் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட செம்பருத்தி பல வீடுகளின் வேலியோரம் நிற்கிறது. அதன் இலையை அரைத்தால் வரும் வழவழப்பான சாறு வறண்ட முடிக்கு ஏற்றது. காசு கொடுத்து வாங்க வேண்டியதுமில்லை. ஷாம்பு பயன்படுத்துவோர் அதனைத் தலைத்தோலில் மட்டும் தேய்த்தால் போதும். வழிந்தோடும் நுரையே நுனியைத் தூய்மையாக்கிவிடும்.

தலைத்துண்டும் வேலைக்காடும்

பால்மரம் வெட்டுவோர் விடியலின் குளிரிலேயே வேலையைத் தொடங்கிவிடுவர். இதற்காக இருட்டிலேயே எழுந்து குளித்து, ஈரம் உலராத தலையைக் கொண்டையிட்டுத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொள்வோர் உளர். நண்பகல்வரை அந்த ஈரம் அப்படியே இருக்கும். அரிப்பும் நாற்றமும் பொடுகும் தோன்ற இதுவே தக்க சூழல். தலைக்குளியலை வேலை முடிந்து வந்தபின் பிற்பகலில் வைத்துக்கொண்டால் கூந்தல் மாலைக்குள் உலர்ந்துவிடும். துண்டுகள் குறைந்தது மூன்று இருக்கட்டும்; நாள்தோறும் துவைத்து வெயிலில் காயவைத்ததையே கட்டவேண்டும். முடியில் ரப்பர்ப் பால் பட்டு உறைந்துவிட்டால் கத்தரிக்கோலைத் தேட வேண்டா. எண்ணெய் பட்டால் ரப்பர் இளகும். தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, விரலால் மெல்ல உருவியெடுக்கலாம். உலகுக்கே ரப்பரைத் தந்தவர்கள் நாம். ஆயினும் ரப்பர் வளையத்தை நேரே முடியில் மாட்டுவது நமக்கும் ஆகாது. கழற்றும்போது அது பத்து முடியையாவது அறுத்துக்கொண்டுதான் வரும். துணி சுற்றிய வளையமோ ரிப்பனோ நல்லது.

களைக்கொல்லி தெளிக்கும் பணியில் உள்ளோர் இன்னும் கவனமாக இருத்தல் வேண்டும். பாராகுவாட் என்னும் கடும் நஞ்சு 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து நம் நாட்டில் தடைசெய்யப்பட்டுவிட்டது. அதனால் மற்ற மருந்துகள் தீங்கற்றவை என்று கொள்ளலாகாது. முன்கைத் தோலைக் காட்டிலும் தலைத்தோல் மருந்தை மிகுதியாக உள்ளிழுக்கும் தன்மையுடையது. மருந்துத் துளி பட்ட துண்டால் முகத்தைத் துடைத்து, மீண்டும் அதனையே தலையில் கட்டிக்கொள்ளும் வழக்கத்தை அறவே கைவிட வேண்டும். அன்று வேலை முடிந்ததும் தலையையும் சேர்த்தே அலசிக் குளித்தல் அவசியம். அத்துண்டைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்கலாகாது. ஆலைகளில் சுழலும் பொறிகளின் அருகே வேலை செய்யும் பெண்கள் சடையைத் தொங்கவிடாமல், சுற்றிக் கொண்டையிட்டுத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். உருளைக்குள் சிக்கிய சடையை விடுவிக்க ஒரு நொடிகூடக் கிடைப்பதில்லை.

இறுக்கிப் பின்னினால் முடி வளரும் என்பது பாட்டிமார் காலத்து நம்பிக்கை. நடப்பதோ நேர்மாறு. நாள்தோறும் ஒரே திசையில் இழுபடும் வேர் மெல்ல நைந்து, நெற்றியோரத்திலும் காதுக்கு மேலும் முடி குறையும். தொடக்கத்திலேயே தளர்த்திவிட்டால் மீண்டும் முளைக்கும். பல ஆண்டுகள் தொடர்ந்தால் வேர் வடுவாகி, அவ்விடம் நிரந்தரமாக வெறுமையாகிவிடும். பின்னியபின் பிள்ளையின் புருவம் மேலே இழுபடுமானால் அவிழ்த்து மறுபடியும் பின்னுங்கள். வகிடு எடுக்கும் இடத்தையும் அவ்வப்போது மாற்றுங்கள்.

பேன் தொல்லை

சில காலத்திற்கு முன் ஒரு தோட்டத்திற்குச் சென்றிருந்தபோது, எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி துண்டால் தலையை மூடியவாறு கதவின் பின்னால் நிற்கக் கண்டோம். தலையில் பேன் இருந்ததால் வகுப்பில் கடைசி வரிசையில் தனியே அமர்த்தப்பட்டாளாம். சினங்கொண்ட தாய் அன்று மாலையே அவள் தலையை மழித்துவிட்டார். பத்துமலையில் நேர்த்திக்கடனாகப் பிள்ளையின் முடி இறக்குவது வேறு. குற்றம் செய்தவள்போல் மழிக்கப்படுவது வேறு. அச்சிறுமி ஒரு வாரமாகப் பள்ளிக்குப் போகவில்லை.

பேன் அழுக்கினால் வருவதன்று. நாள்தோறும் தலைக்குளிப்போர் தலையிலும் அது வாழும். அது பறக்காது, தாவாது. தலையோடு தலை முட்டும்போது ஊர்ந்து செல்கிறது. ஒரே பாயில் படுக்கும் பிள்ளைகளிடையே அது பரவுவதில் வியப்பென்ன? தலையை விட்டு விழுந்த பேன் ஓரிரு நாளில் இறந்துவிடும். ஆகவே வீடு முழுவதையும் மருந்தால் கழுவ வேண்டியதில்லை. ஈர் பொரிய 7 முதல் 10 நாட்கள் ஆகும். ஒருமுறை மருந்து போட்டுவிட்டு ஓய்ந்துவிடுவதால்தான் மறுபடி மறுபடி வருகிறது.

மருந்தில்லாமலும் இதனை ஒழிக்கலாம். தலையை அலசி, ஈரத்தோடு கண்டிஷனரையோ எண்ணெயையோ நிறையத் தடவி, முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பேன்சீப்பால் வேரிலிருந்து நுனிவரை வாரவேண்டும். ஒவ்வொரு வாரலுக்கும் பின்னர்ச் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்கவேண்டும். மூன்று நான்கு நாட்களுக்கொருமுறையாகக் குறைந்தது இரண்டு வாரங்கள் இதைத் தவறாமல் செய்தால் புதிதாகப் பொரிந்தவையும் முட்டையிடும் முன்பே அகப்பட்டுவிடும். வீட்டிலுள்ளோர் அனைவரின் தலையையும் ஒரே நாளில் பார்த்துவிடுவது முக்கியம்; அப்பாவின் தலையும் இதற்கு விலக்கன்று. கிளினிக்கில் தரும் மருந்தைப் பயன்படுத்துவோர், அதில் குறித்துள்ளபடி வாரம் கழித்து மறுமுறையும் போடவேண்டும்.

மண்ணெண்ணெயை மட்டும் தலையில் ஊற்றாதீர்கள். அது தோலைப் புண்ணாக்கும். அடுப்பருகே சென்றால் ஒரு பொறியே போதும். வயலுக்கோ மரத்துக்கோ அடிக்கும் பூச்சிமருந்தைப் பிள்ளையின் தலையில் தடவுவது உயிருக்கே ஆபத்து.

அளவுக்கு மீறி உதிர்ந்தால்

பிள்ளை பெற்ற பெண்களுக்கு மூன்றாம் மாதமளவில் கொத்துக் கொத்தாக முடி கொட்டுவதுண்டு. “குழந்தை முகம் பார்த்துச் சிரித்தால் தாய்க்கு முடி கொட்டும்” என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். சிரிப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. காலக் கணக்குத்தான் ஒத்துப்போகிறது. கருவுற்ற காலத்தில் உதிராமல் நின்ற முடிகள் பிறகு ஒருசேர ஓய்வுக்குச் சென்று விழுகின்றன. பெரும்பாலோர்க்கு ஓராண்டுக்குள் பழைய நிலை திரும்பும். டெங்கி போன்ற கடுங்காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்து உதிர்வதும் இவ்வகையே.

அவ்வாறன்றி, மாதக்கணக்கில் முடி மெலிந்துகொண்டே வந்து, உடன் களைப்பும் மூச்சு வாங்குதலும் முகவெளுப்பும் இருந்தால் இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைந்திருக்கலாம். எண்ணெய்க்குச் செலவழிப்பதைவிட இரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்வது மேல். முருங்கைக்கீரை, பருப்பு, நெத்திலி ஆகியவற்றைச் சிறிது எலுமிச்சைச் சாற்றோடு உண்ணலாம். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிப்பது உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்காமல் தடுக்கும் என்பதால், ஒருமணி நேரம் பொறுத்துக் குடிக்க வேண்டும்.

பொடுகுக்கு எண்ணெய் தடவுவது பலர் செய்யும் தவறு. பொடுகை உண்டாக்கும் நுண்ணுயிர் எண்ணெய்ப் பசையைத் தின்றே வாழ்வது. மருந்து கலந்த ஷாம்புவைத் தேய்த்து ஐந்து நிமிடம் விட்டு அலசுவதே பயன் தரும். காசு வட்டத்தில் முடி போவதைப் ‘புழுவெட்டு’ என்கிறோம். அங்கே புழு எதுவும் இல்லை, உடலின் தற்காப்பு ஆற்றலே வேரைத் தாக்குகிறது. பிளேடால் கீறுவதும் கண்ட பச்சிலையைத் தேய்ப்பதும் புண்ணைத்தான் உண்டாக்கும். பிள்ளையின் தலையில் செதிலோடு முடி ஒடிந்து வட்டமாகத் தெரிந்தால் அது படையாக இருக்கலாம். அதற்கு மேற்பூச்சு போதாது. மருத்துவர் தரும் மாத்திரை வேண்டும். ஆடவர்க்கு ஒரு சொல்: மோட்டார் சைக்கிளில் போகும்போது தலைக்கவசம் அணிவதால் வழுக்கை விழாது. அது பெரும்பாலும் பரம்பரையாக வருவது. நரைக்குச் சாயமிடுவோர் முதலில் காதின் பின்புறம் சிறிது தடவி, 48 மணி நேரம் பொறுத்துப் பார்த்து, அரிப்போ வீக்கமோ இல்லையெனில் மட்டுமே தலைக்குப் போட வேண்டும்.

தொடக்கத்தில் கண்ட அந்த விடியற்காலைக்கு எளியதொரு வழி உண்டு. சிக்கெடுக்கும் வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளாமல், இரவில் பிள்ளை பள்ளிப் பாடம் முடித்தபின் வைத்துக்கொள்ளலாம். நுனியிலிருந்து நிதானமாகச் சிக்கெடுத்து, ஒற்றைச் சடையாகத் தளரப் பின்னிப் படுக்க வைத்துவிட்டால் தலையணையில் உரசி முடி சிக்காது. காலையில் அவிழ்த்து வாரி இரட்டைச் சடை போட ஐந்து நிமிடம் போதும். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.