கரன்ட் வந்துருச்சா? புயல் செய்தியைப் படிக்கும் முறை

2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்கள் இருளில் மூழ்கின. முதல் நாள் செய்திகளில் சாய்ந்த மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. சில நாட்களிலேயே அந்த எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. ஏன் இவ்வளவு வித்தியாசம்? மரம் விழுந்து ரோடு அடைச்சிருக்கும்போது உள்கிராமத்துக் கம்பத்தை யார் போய் எண்ணுவாங்க? முதல் நாள் எண் என்பது எண்ண முடிஞ்ச இடங்களோட எண். அடுத்த முறை புயல் செய்தி படிக்கும்போது இந்த மூணு கேள்வியைக் கேட்டுப் பாருங்க.

1. நிறுத்தினாங்களா, அறுந்துச்சா?
காற்று பலமாகும்போது, அறுந்த கம்பியில் யாரும் அடிபடக் கூடாதுன்னு மின்வாரியமே சப்ளையை நிறுத்தும். கம்பம் சாய்ந்தாலும் கரன்ட் போகும். செய்தியில் ரெண்டுமே "மின்தடை"தான். முதலாவது சில மணி நேரத்தில் சரியாகலாம். ரெண்டாவதுக்கு நாள்கணக்கு, சில இடங்களில் வாரக்கணக்கு.

2. எது வரைக்கும் வந்துச்சு?
துணை மின்நிலையத்திலிருந்து 11 கிலோவோல்ட் லைன், அப்புறம் டிரான்ஸ்ஃபார்மர், கடைசியா தெருக் கம்பி, வீடு. "துணை மின்நிலையங்கள் அனைத்தும் சீரமைப்பு" என்ற தலைப்பு உண்மையா இருக்கலாம். ஆனா தெருவில் நாலு கம்பம் கீழே கிடந்தா அந்த வீடுகளில் இருட்டுதான்.

3. எத்தனை சதவீதம், எதில்?
ஒரு கணக்கு போடுவோம். 10 லட்சம் இணைப்பில் 95 சதவீதம் சரியாச்சுன்னா மீதி 50,000. வீட்டுக்கு நாலு பேர்னு வெச்சா 2 லட்சம் பேர். மோட்டார் ஓடாது, மேல்நிலைத் தொட்டியில் தண்ணி ஏறாது. டவர் பேட்டரி தீர்ந்தா போனும் போகாது. அந்த 5 சதவீதம் பெரும்பாலும் லைனோட கடைசியில் இருக்கிற ஊர்கள்.

ஹாஸ்டலில் உங்க பக்கத்து ரூம் நண்பன் அந்த ஊர்க்காரனா இருக்கலாம். வீட்டுக்கு லைன் கிடைக்காம தவிக்கிறவன்கிட்ட "பேப்பர்ல கரன்ட் வந்துருச்சுன்னு போட்டிருக்கே"ன்னு சொல்றதுக்கு முன்னாடி, "உங்க தெருவுக்கு வந்துச்சாடா?"ன்னு கேளுங்க. நிருபரும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.