மலிவு விலை ராட்செட்: வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பைக்குக்கு ஆயில் மாற்றுவது, கார் பேட்டரி டெர்மினலைக் கழற்றுவது, வாஷிங் மெஷினின் பின்தகட்டைப் பிரிப்பது என்று வீட்டிலேயே வேலை பார்ப்பவர்களுக்கு ராட்செட் ஒரு வரம். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் ஸ்பேனரை எடுத்து எடுத்து மாட்டும் தொல்லை இல்லை. ஆனால் 500 ரூபாய்க்குக் கீழே விற்பவற்றில் பல வருஷம் உழைப்பதும் உண்டு, அழுத்தும்போது பல் நழுவி விரல் முட்டியைப் பெயர்ப்பதும் உண்டு. டப்பாவில் எத்தனை பீஸ் என்பதை வைத்தோ பளபளப்பை வைத்தோ இரண்டையும் பிரித்தறிய முடியாது. தலைக்குள் இருக்கும் பல்சக்கரத்தையும் அதைத் தடுத்து நிறுத்தும் கொக்கியையும்தான் சோதிக்க வேண்டும்.

கடைக்குப் போகும் முன் அளவை முடிவு செய்துவிடுங்கள். சாக்கெட் மாட்டும் சதுர முனை கால் இஞ்ச், 3/8 இஞ்ச், அரை இஞ்ச் என்று வரும். சதுரத்தின் பக்கம் இரண்டு மடங்கானால் முறுக்கைத் தாங்கும் பலம் எட்டு மடங்காகும். அதாவது ஒரே இரும்பில் செய்திருந்தாலும், கால் இஞ்ச் முனையைப் போல எட்டு மடங்கு முறுக்கை அரை இஞ்ச் தாங்கும். எங்கும் கிடைக்கும் 46 பீஸ் கால் இஞ்ச் செட்டில் 14 எம்எம் சாக்கெட் வரை போட்டுத் தருகிறார்கள். அந்தச் சாக்கெட் பொருந்துகிறதே என்று எஞ்சின் மவுண்டிங் போல்ட்டில் கை வைத்தால் முனை முறுக்கிக்கொள்ளும். பைக்கும் வீட்டுச் சாமான்களும் மட்டும் என்றால் 3/8 போதும். காரும் இருந்தால் அரை இஞ்ச் வாங்குங்கள்.

கடையில் முதலில் சதுர முனையை விரலால் பிடித்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் ஆடும், அது பரவாயில்லை. கடகடவென்று ஆடினால் உள்ளே பல்சக்கரம் சரியாக உட்காரவில்லை. அடுத்து, திசை மாற்றும் நெம்பை இரண்டு பக்கமும் தள்ளுங்கள். ஒவ்வொரு பக்கமும் ‘டக்’கென்று போய் நிற்க வேண்டும். நடுவில் தயங்கி நின்றால் வைத்துவிடுங்கள், ஏனென்றால் வேலையின் நடுவில் அது தானாகவே திசை மாறும்.

பலரும் செய்யாத சோதனை ஒன்று உண்டு. எனக்கு இதுதான் முக்கியம். முனையில் ஒரு சாக்கெட்டை மாட்டி, அதை இரண்டு விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைத் திருப்பு திசைக்கு எதிராகச் சுழற்றுங்கள். சாக்கெட் விரலிலேயே நிற்க, கைப்பிடி மட்டும் ‘டிக் டிக்’கென்று பின்னால் வர வேண்டும். சாக்கெட்டும் கூடவே இழுத்துக்கொண்டு வந்தால், பாதி தளர்ந்த நட்டும் அப்படித்தான் வரும்: முன்னால் கழற்றியதைப் பின்னால் இறுக்கிக்கொண்டே இருப்பீர்கள். அந்த இடத்தில் ராட்செட்டால் ஒரு பயனும் இல்லை.

ஒரு முழுச் சுற்றுக்கு எத்தனை ‘டிக்’ என்று எண்ணுங்கள். 24 என்றால் ஒரு பல்லுக்கு 15 டிகிரி, 36 என்றால் 10, 72 என்றால் 5. கைப்பிடி 25 சென்டிமீட்டர் நீளம் என்றால், 36 பல்லில் அதன் நுனி சுமார் நாலரை சென்டிமீட்டர் நகர வேண்டும். 72 பல்லில் அதில் பாதி போதும். இடுக்கில் வேலை பார்க்க 72 வசதிதான். ஆனால் பல் கூடக் கூட ஒவ்வொரு பல்லும் சிறுத்து, ஆழமும் குறைகிறது. அதை நுணுக்கமாக வெட்டவும் பதப்படுத்தவும் செலவாகும். விலை மலிவு என்றால் 36, 45 பல் உள்ளதையே நான் எடுப்பேன்.

சாக்கெட்டில் அறுமுனையைக் கேளுங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் சீக்கிரம் மாட்டும், ஆனால் துருப்பிடித்த போல்ட்டின் மூலையை மழுங்கடித்துவிடும். கைப்பிடியில் ‘குரோம் வனேடியம்’ என்று பொறித்திருந்தால், உள்ளே இருக்கும் கொக்கியும் அதே இரும்பு என்று நம்பிவிடாதீர்கள்.

வாங்கி வந்ததும், பில் கையில் இருக்கும்போதே, எடை வைத்துச் சோதியுங்கள். திரெட் ராடுகளை இணைக்கும் நீள நட்டு ஒன்றை வைஸில் பாதி உயரம் பிடித்து, மீதிப் பாதியில் சாக்கெட்டை மாட்டுங்கள். நட்டு படுக்கைவாட்டில் இருக்க, கைப்பிடியும் தரைக்கு இணையாக நிற்கட்டும். அரை இஞ்ச் ராட்செட் என்றால், தலையின் மையத்திலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி ஒரு கயிற்றைக் கட்டி, அதில் வெறும் 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கவிடுங்கள். பிறகு குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றுங்கள். கேன் நிறையும்போது முறுக்கு சுமார் 50 நியூட்டன் மீட்டர். கார் சக்கர நட்டுக்குச் சுமார் 100 வேண்டும். வீட்டில் பார்க்கும் மற்ற வேலைகளில் பெரும்பாலானவை இந்த 50க்குள் அடங்கிவிடும். 3/8க்கு 20 சென்டிமீட்டரில் முக்கால் கேன், கால் இஞ்சுக்கு 15 சென்டிமீட்டரில் அரை கேன் போதும். காலைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பல் மட்டும் சோடையாக இருக்கலாம், அதனால் பல்சக்கரத்தைச் சில பல் தள்ளித் தள்ளி நாலைந்து இடத்தில் தொங்கவிட்டுப் பாருங்கள். பிறகு நெம்பை மாற்றி எதிர்த் திசையிலும் செய்யுங்கள். ஒரே ஒரு தடவை ‘கடக்’கென்று நழுவினாலும் அன்றே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுங்கள். கிரீஸ் போட்டால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கெட்டியான கிரீஸ் கொக்கியைப் பல்லுக்குள் முழுதாக விழவிடாமல் நழுவலை அதிகமாக்கும். மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டே நல்லது.

தேறிவிட்ட ராட்செட்டையும் முதல் அசைப்புக்குப் பயன்படுத்தாதீர்கள். இறுகிப்போன நட்டை எல் ஸ்பேனராலோ பவர் பாராலோ அசைத்துவிட்டு, அதற்குப் பின் ராட்செட்டை மாட்டுங்கள். கைப்பிடியில் பைப்பைச் செருகி நீளம் கூட்டவே கூடாது. முடிந்தவரை உங்கள் பக்கம் இழுக்கும்படி நின்றுகொள்ளுங்கள், தள்ளித்தான் ஆக வேண்டும் என்றால் விரலை மடக்காமல் உள்ளங்கையால் தள்ளுங்கள்.